அரை நாள் கல்யாணம்

கெசையா பாப்ஜாய்க்குக் கல்யாணம் நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. பதினொன்றரைக்கு அவள் புருஷன் கோல்போர்ட் நகரத்தின் உரிமைக்காரனாகப் பதிவானான். பன்னிரண்டேகாலுக்கு நீலக் கட்சிக்கு வோட்டுப் போட்டான். ஒரு மணிக்கு இருவரும் தேவாலயத்துக்குப் பின்னாலிருந்த கல்லறைத் தோட்டத்துக்குப் போய், ஒரு கல்லறைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்று கை கோத்து, "சாவு நம்மைப் பிரிக்கிறது" என்று சொல்லிக் கையை விட்டார்கள். பாதிரியார் முன்னால் சத்தியம் செய்தது சாவு பிரிக்கும்வரைதான். கீழே ஒருவர் செத்துக் கிடந்ததால் அது சரியாகிவிட்டது என்று ஊரில் எல்லோருமே எடுத்துக்கொண்டார்கள். ஒன்றரை மணிக்கு அவள் கடையைத் திறந்துவிட்டாள். அன்று வியாபாரம் நன்றாக இருந்தது.

கோல்போர்ட்டில் வோட்டு நகர உரிமைக்காரர்களுக்கு மட்டும்தான். அந்த உரிமை அப்பனிடமிருந்து மகனுக்கு வரும். மகளுக்கு வராது, ஆனால் மகளைக் கட்டுகிறவனுக்கு வரும். அதனால் தேர்தல் வருகிற வருஷங்களில் பெண்ணைப் பெற்ற உரிமைக்காரர்கள் கொஞ்சம் நிமிர்ந்தே நடப்பார்கள். கெசையாவின் அப்பா பீப்பாய் கட்டிய உரிமைக்காரர், காலமாகிவிட்டார். அவள் மீன்சந்தைச் சந்தில் மாட்டுக் குடலைச் சுரண்டிப் போட்டி அவித்து விற்றாள். போட்டியில்லாத போட்டிக் கடை. மூன்று தேர்தல்களில் அவளைக் கேட்டு ஆள் வந்தது. மூன்றிலும் மாட்டேன் என்றுவிட்டாள். நாலாவது முறை, முப்பத்தோரு வயதில், சரி என்றதற்குக் காரணம் பழைய அண்டாவில் ஓட்டை விழுந்திருந்ததுதான். நீலக் கட்சியின் வக்கீல் ஸ்லோகம், கல்யாணத்துக்கு முந்தின நாளே புதுச் செம்பு அண்டா ஒன்றை வண்டியில் ஏற்றி அனுப்பினார். மாப்பிள்ளையை அவள் தேவாலய வாசலில்தான் பார்த்தாள். பெயர் ஜேபஸ் ட்ரூட். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். உயரமாக இருந்தான். வேறெதுவும் அவளுக்கு நினைவில் நிற்கவில்லை.

ஆறு வருஷம் கழித்து, மறுபடியும் தேர்தல் நடந்துகொண்டிருந்த ஜூன் மாதத்தில், ஸ்லோகம் ஒரு நடுப்பகலில் கடைக்குள் வந்தார். அவருக்குப் பின்னால் உயரமான ஆள் ஒருவன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

"கெசையாம்மா, யாரு வந்திருக்கான்னு பாருங்க."

கெசையா பார்த்தாள். "யாரு?"

"உங்க வீட்டுக்காரர்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். கடைக்கு வருகிற எல்லோரிடமும் கேட்பதையே கேட்டாள். "எவ்வளவு வேணும்?"

"அரை ராத்தல் போதுங்க," என்றான் ஜேபஸ். லண்டனிலிருந்து இரண்டு நாள் கோச்சு வண்டியின் கூரைமேல் உட்கார்ந்து வந்திருந்தான். வழியில் பீர் வாங்கிக் கொடுத்தார்களே தவிர யாரும் சோறு போடவில்லை.

அவன் வெங்காயமும் வினிகருமாகச் சாப்பிட்டு முடிப்பதற்குள் ஸ்லோகம் விஷயத்தைச் சொன்னார். பார்லிமெண்டில் ஊருக்குள்ள இரண்டு இடத்துக்கு நீலத்தில் இரண்டு பேர், மஞ்சளில் இரண்டு பேர். வோட்டுப் பதிவு தொடங்கி ஒன்பது நாள் ஆயிற்று. நாலு வோட்டுதான் வித்தியாசம். வெளியூர் போய்விட்ட உரிமைக்காரர்களை இரு கட்சியும் தேடிப் பிடித்து ஏற்றிக்கொண்டு வருகின்றன. மஞ்சள் கட்சியின் வக்கீல் டக்கெட், இந்தக் கல்யாணமே பொய், ஆகவே ட்ரூட்டின் வோட்டும் பொய் என்று ஆட்சேபம் எழுதிக் கொடுத்துவிட்டான்.

"வியாழக்கிழமை விசாரணை. அதுவரைக்கும் இவரு இங்க உங்க புருஷனா இருக்கணும்."

"இருந்து என்ன பண்ணுவாரு?"

"ஒண்ணும் பண்ண வேணாம்மா. புருஷன்தானே."

"ஊர் சிரிக்கும்."

"நீலக்காரங்க சிரிக்க மாட்டாங்க. அதுக்கு நான் பொறுப்பு."

கெசையா யோசித்தாள். "மச்சுல ஒழுகுது," என்றாள்.

ஸ்லோகம் பெருமூச்சு விட்டார். மறுநாள் காலை ஆறு மணிக்கு, தொப்பியில் நீல ரிப்பன் குத்திய நாலு ஆட்கள் ஏணியோடு வந்து கூரைக்குப் புதுக் கற்பலகை போட்டார்கள். மழை பெய்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஒழுகுகிறதா இல்லையா என்று பார்க்க வழியில்லை.

ஜேபஸுக்கு மச்சில் வினிகர் பீப்பாய்களுக்கு நடுவில் படுக்கை. பகலில் எல்லோர் கண்ணிலும் படும்படி கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும் என்பது ஸ்லோகம் போட்ட உத்தரவு. உட்கார்ந்தான். எதிர்க்கடை மீன்காரி மார்த்தா தெருவைத் தாண்டி வந்து அவனைச் சுற்றி நடந்து பார்த்தாள்.

"ஏண்டி கெசையா, ஆறு வருஷமா இவரை எந்த ஜாடியில போட்டு வச்சிருந்தே?"

"நல்லா ஊறட்டும்னு விட்டுட்டேன்."

"ஊறின மாதிரி தெரியலையே. எலும்பும் தோலுமால்ல இருக்காரு."

"லண்டன் தண்ணிங்க," என்றான் ஜேபஸ், தப்பைத் தன்மேல் போட்டுக்கொள்கிறவன் போல.

மூன்றாம் நாள் அவன் நாற்காலியை விட்டு எழுந்து உள்ளே வந்தான். "சும்மா இருந்தா கை வலிக்குதுங்க," என்று சொல்லிக் குடல் சுரண்டும் கத்தியை எடுத்துக்கொண்டான். சுரண்டத் தெரியவில்லை. அவன் முடித்ததை எல்லாம் அவள் மறுபடி எடுத்துச் சுரண்டினாள். அவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான், அடுத்ததைக் கொஞ்சம் மெதுவாகச் செய்தான்.

"அன்னிக்கு உங்களுக்கு என்ன குடுத்தாங்க?" என்று கேட்டாள். ஆறு வருஷமாகக் கேட்க ஆள் இல்லாத கேள்வி.

"ஒரு ஜோடி பூட்ஸ். அதுல ஒண்ணு கடிக்கும்."

"இன்னொண்ணு?"

"அது நல்லா இருந்துச்சு. அந்தக் காலை எடுத்து வைக்கும்போது சில சமயம் உங்களை நெனச்சுக்குவேன்."

கெசையா அண்டாப் பக்கம் திரும்பி நெருப்பைத் தள்ளிவிட்டாள். நெருப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

ஐந்தாம் நாள், ஜேபஸ் தண்ணீர் எடுக்கப் போயிருந்த நேரம் பார்த்து டக்கெட் வந்தார். போட்டி வாசனையே ஆகாத மனுஷர். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு இரண்டு ராத்தல் கேட்டார்; ஒரு தங்க சவரனை மேஜைமேல் வைத்தார்; மீதி வேண்டாம் என்றார்.

"வியாழக்கிழமை என்ன சொல்லப்போறீங்கம்மா?"

"கேக்கறதுக்குப் பதில் சொல்லுவேன்."

"அது பொய்க் கல்யாணம்னு சொல்லிடுங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். அது நெஜக் கல்யாணம்னு ஆயிட்டா இந்தக் கடை யாருக்குன்னு ஸ்லோகம் சொன்னானா?"

"எனக்குத்தான். எங்கப்பா வச்சுட்டுப் போன வீடு."

டக்கெட் கைக்குட்டையை எடுத்தார். இதைச் சொல்ல வாய் முழுசாக வேண்டியிருந்தது. "கல்யாணமான பொம்பளைக்குச் சட்டத்துல தனியா ஒண்ணும் கெடையாது. வீடு, கடை, நீங்க சேத்து வச்ச காசு எல்லாம் அவனோடது. ஆறு வருஷமாவே அவனோடதுதான். அவன் கேக்கல, அவ்வளவுதான்."

"அண்டாவுமா?"

"அண்டாவும். உள்ள வேகுற போட்டியும்."

அவர் போனபிறகு கெசையா அண்டா மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள். பன்னிரண்டு வயதில் இந்த அடுப்பு முன் நின்றவள். இந்த ஊரில் ஒருவரும், கல்யாணம் செய்துவைத்த பாதிரியார்கூட, இதை அவளிடம் சொல்லவில்லை. ஒரு அண்டாவுக்காக வீட்டைக் கொடுத்திருக்கிறாள். அதுவும் போக, அண்டாவையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறாள்.

அன்று சாயங்காலம் ஜேபஸ் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டான்.

"இந்தக் கடை யாரோடதுன்னு நெனக்கிறீங்க?"

"உங்களோடதுதான். வெளிய பலகையில அப்படித்தானே எழுதியிருக்கு?"

"படிக்கத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாதுங்க. எழுதியிருக்கும்னு நெனச்சேன்."

அவன் முகத்தில் கள்ளம் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் முகத்தைப் பார்த்து வீட்டை விடுவதற்கு அவள் தயாராக இல்லை. நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். கல்லறையில் பிரிந்தாயிற்று. அது கல்யாணமே இல்லை. அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

வியாழக்கிழமை நகர மண்டபம் நிரம்பி வழிந்தது. மேயர் பர்ச்சல் தங்கச் சங்கிலி போட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தார். தகராறுகளைத் தீர்த்துவைக்க லண்டனிலிருந்து வரவழைத்திருந்த பாரிஸ்டர் அவர் பக்கத்தில் இருந்தார். இருபத்தாறு வயது, எதையும் கடைசிவரை யோசித்துப் பார்ப்பதில் மிகுந்த ஆசை உள்ளவர். மேலே மாடத்தில் பெண்கள். முன் வரிசையில் மேயரின் மனைவி.

"இவரைத் தேவாலயத்தில் மணந்துகொண்டீர்களா?" என்று பாரிஸ்டர் கேட்டார்.

"ஆமாங்கய்யா. அன்னிக்கே பிரிஞ்சுட்டோம்."

"எப்படி?"

"வழக்கம்போலதாங்க. கல்லறைக்கு ரெண்டு பக்கமும் நின்னு."

பாரிஸ்டர் பேனாவைக் கீழே வைத்தார். "யாருடைய கல்லறை?"

"யாரோடதுன்னு பாக்கலைங்க. பக்கத்துல இருந்துச்சு."

யாரும் சிரிக்கவில்லை. ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். ஸ்லோகம் மட்டும், தான் போட்டுக்கொடுத்த கூரையைத் திரும்பப் பிரிக்க முடியுமா என்று யோசிக்கிறவர்போல அவளை முறைத்தார். டக்கெட் எழுந்து, சாட்சியே ஒப்புக்கொண்டுவிட்டாள், கல்யாணம் பொய், வோட்டைத் தள்ளவேண்டும் என்றார்.

பாரிஸ்டர் தேவாலயப் பதிவேட்டைப் புரட்டினார். இருவர் பெயரும் இருந்தது. பாதிரியார் கையெழுத்து இருந்தது. "கல்யாணம் செல்லும்," என்றார். "கல்லறையில் நின்று பிரிவது என்று இங்கிலாந்துச் சட்டத்தில் ஒன்றும் கிடையாது. அதற்கு ஒரு மதிப்பும் இல்லை. இவர்கள் இருவரும் அன்றுமுதல் இன்றுவரை புருஷன் பெண்சாதிதான்."

கெசையா தன் முன்னாலிருந்த தடுப்புக் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். நீலக்காரர்கள் கைதட்ட ஆரம்பித்தார்கள். ஆனால் பாதியில் கைதட்டல் ஒவ்வொன்றாக நின்றுபோனது. மாடத்தில் தொப்பிக்கடைக்காரரின் மனைவி எழுந்து நின்றிருந்தாள்.

"ஐயா, ஒரு சந்தேகம். அப்படிப் பிரிஞ்சதுக்கப்புறம் வேற ஒருத்தரைக் கட்டியிருந்தா?"

"இரண்டாவது கல்யாணம் செல்லாது," என்றார் பாரிஸ்டர் சந்தோஷமாக. நல்ல கேள்வி கேட்டால் அவருக்குப் பிடிக்கும். "அந்த இரண்டாவது புருஷன் அந்தக் கல்யாணத்தால் நகர உரிமை பெற்றிருந்தால், அதுவும் செல்லாது. அவர் போட்ட வோட்டும் செல்லாது."

மாடத்தில் ஏழெட்டுப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கீழே அவர்கள் புருஷர்கள், நீலமும் மஞ்சளுமாக, தங்கள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னும் சொல்லப்போனால்," என்று பாரிஸ்டர் தொடர்ந்தார், "அப்படிப்பட்டவர் ஏதாவது பதவியில் இருந்தால், உதாரணத்துக்கு மேயராக இருந்தால்—"

மேயர் பர்ச்சல் எழுந்தார். முகம் அவித்த போட்டி நிறத்தில் இருந்தது. "சாப்பாட்டு நேரம் ஆயிடுச்சு," என்றார். மணி பத்தரை.

சபை கலைந்தது. நாலு மணிக்குச் செய்தி வந்தது. இரு கட்சிக்காரர்களும் கலந்து பேசி, ஊர் அமைதியை உத்தேசித்து, ஆளுக்கு ஒரு வேட்பாளரை விலக்கிக்கொண்டார்கள். நீலத்துக்கு ஒரு இடம், மஞ்சளுக்கு ஒரு இடம். தேர்தல் முடிந்தது. ட்ரூட் விவகாரம் தீர்மானம் இல்லாமலே நின்றுவிட்டதால் புத்தகத்தில் எழுதப்படவில்லை. கடைசி நாளில் விலை ஏறும் என்று இன்னும் வோட்டுப் போடாமல் வைத்திருந்த அறுபது பேர், விடுதி மாடியில் நன்றி சொல்ல வந்த இரு வெற்றியாளர்மேலும் கட்சி வித்தியாசம் பார்க்காமல் முட்டைக்கோஸ் வீசினார்கள்.

"அப்போ என் வோட்டு?" என்று ஜேபஸ் கேட்டான்.

"உங்ககிட்டயே வச்சுக்குங்க," என்றாள் கெசையா. அவளுக்கு அவனோடு பேசவே பிடிக்கவில்லை. அவன் கையில் துடைப்பம் இருந்தது. தன் வீட்டைத்தான் பெருக்குகிறான் என்று அவனுக்கு மண்டபத்தில் புரிந்ததா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை.

வெளிச்சம் இருக்கும்போதே மேயரின் மனைவி டார்கஸ் பர்ச்சல் பின்வாசல் வழியாக வந்தாள். அதற்குமுன் அந்தச் சந்தில் அவள் கால் பட்டதில்லை. ஜேபஸைப் பார்த்ததும் தயங்கினாள். அவன் தானாகவே வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

"எனக்கு அரை நாள் புருஷனா வந்தது ஒரு கயிறு திரிக்கிற ஆளு," என்றாள் உட்கார்ந்ததும். "பத்தொன்பது வருஷமாச்சு. பேருகூட மறந்திருந்தேன். இன்னிக்கு அந்த லண்டன் பையன் பேசப் பேச ஞாபகம் வந்துடுச்சு."

"உசிரோட இருக்காரா?"

"பிளிமத்துல இருக்காராம். நல்ல ஆரோக்கியமாம்." கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டாள். "எனக்கு நாலு பிள்ளைங்க, கெசையா. அந்தப் பேச்சை யாரும் கிளறாம இருந்தாப் போதும். நீயும் அவரும் வாயைத் திறக்காம இருந்தா எல்லாம் தானா அடங்கிடும். உனக்கு என்ன வேணும்? சொல்லு."

இத்தனை வருஷமாக ஆளாளுக்கு இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். அண்டா என்றும் கூரை என்றும் அவள் சொல்லியிருக்கிறாள். இந்த முறை அடுப்பையும் கூரையையும் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னாள்.  

"ஒரு பத்திரம் வேணும்மா. நான் அந்த ஆளுக்குப் பொஞ்சாதியா இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி, இந்த வீடும் கடையும் எனக்கு. அவருக்குப் பாத்தியதை இல்லைன்னு எழுதணும்."

"அப்படி எழுத முடியுமா?"

"உங்க வீட்ல எழுதி வச்சிருக்காங்கதானே?"

டார்கஸ் முதல்முறையாகச் சிரித்தாள். "எங்கப்பா எழுதி வச்சாரு. அவருக்கு மாப்பிள்ளைங்க மேல நம்பிக்கை கெடையாது. ரெண்டு பேர் மேலயும்."

மறுநாள் காலை ஸ்லோகமும் டக்கெட்டும் ஒரே மேஜையில் உட்கார்ந்து அந்தப் பத்திரத்தை எழுதினார்கள். கூலி வாங்கவில்லை. கெசையாவை என்னவென்று குறிப்பிடுவது என்பதில் மட்டும் ஒரு மணி நேரம் போனது. கடைசியில் 'மேற்படி ட்ரூட்டின் மனைவியாக இருக்கக்கூடியவரோ இல்லாதவரோ ஆகிய மேற்படி கெசையா' என்று முடிவானது. சொத்துக்குப் பொறுப்பாளர் மேயர் பர்ச்சல். ஜேபஸைக் கூப்பிட்டு இடத்தைக் காட்டினார்கள். அவன் பேனாவை உளிபோலப் பிடித்து ஒரு பெருக்கல் குறி போட்டான்.

"என்னன்னு கேக்காமலே போட்டுட்டீங்களே," என்றாள் கெசையா. அவளுக்குக் கோபம் வந்தது, எதற்கென்று தெரியவில்லை.

"நேத்து அந்தத் தம்பி சொன்னப்போ நீங்க கட்டையைப் பிடிச்சீங்க. பாத்தேன்," என்றான் ஜேபஸ். "அது சம்பந்தமாத்தான் இருக்கும்னு போட்டேன்."

அவனை ஊரில் வைத்திருக்க யாருக்கும் விருப்பமில்லை. பகல் கோச்சில் இரு வக்கீல்களும் ஆளுக்கொரு பக்கம் கையைப் பிடித்து அவனை ஏற்றிவிட்டார்கள். லண்டன்வரைக்கும் கட்டணத்தைப் பாதிப் பாதியாகக் கொடுத்தார்கள். கெசையா வழியனுப்பப் போகவில்லை. கடையில் ஆள் இருந்தது. ஆள் போனபிறகு, அவன் காலையில் சுரண்டி வைத்திருந்த குடலை எடுத்து மறுபடி சுரண்ட உட்கார்ந்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சுரண்ட ஒன்றும் மிச்சமில்லை. அது அவளுக்கு எரிச்சலாக இருந்தது. மார்த்தா வந்து ஏதோ கேலியாகச் சொன்னபோது, போய் மீனைப் பாரு என்று விரட்டிவிட்டாள்.

மறுநாள் நடுப்பகலில் ஜேபஸ் கடைக்குள் வந்தான். முழங்கால்வரை புழுதி. ஒரு கால் நொண்டினான்.

"வண்டி என்னாச்சு?"

"மேல் சீட்டுங்க. மழை வர்ற மாதிரி இருந்துச்சு. முதல் தங்கல்லயே இறங்கிட்டேன்."

கெசையா வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தாள். துடைத்துவிட்டதுபோல இருந்தது. "எவ்வளவு தூரம்?"

"பதினோரு மைலு."

"சாப்டீங்களா?"

"இல்லைங்க."

ஒரு தட்டில் போட்டு வைத்தாள். அவன் சாப்பிடும்போது பத்திரத்தை எடுத்துவந்து எதிரில் உட்கார்ந்து, அடுப்பு முதல் அண்டாவரை ஒவ்வொன்றாக, அவனுக்கு எதிலும் பாத்தியதை இல்லை என்று முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்துக் காட்டினாள். அவன் மெல்லுவதைக்கூட அங்கங்கே நிறுத்திக் கவனமாகக் கேட்டான்.

"இதுல நான் எங்க வர்றேன்?"

"இங்க. கீழ இருக்கே, இந்தக் குறி."

அவன் குனிந்து பார்த்தான். "கொஞ்சம் கோணலா வந்துடுச்சு," என்றான்.

"பரவால்ல," என்றாள் கெசையா. "காலைக் காட்டுங்க, எந்த பூட்ஸ் கடிக்குது?"

மழை அன்றும் வரவில்லை, அந்த வாரம் முழுக்கவும் வரவில்லை. ஜேபஸ் போகவும் இல்லை.